நெஞ்சில் குழாய், வாயில் சோம்பு

துவைத்த துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில், வலது தோள்பட்டைக்குக் கீழே யாரோ ஊசியைக் குத்தி அப்படியே விட்டதுபோல ஒரு வலி. மூச்சை இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன், அதே இடத்தில் நின்றது. கூடை கையிலிருந்து நழுவி, ஈரத் துணியெல்லாம் படியில் சரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் கலைவாணி. முப்பத்தொரு வயது. கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்பு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். வேலை, மெடிக்கல் கோடிங். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் நோய்க் குறிப்புகளைப் படித்து, இன்ஷூரன்ஸுக்காக ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது. சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. சென்னை ஹாஸ்டலில் இருந்த காலத்தில் அறைத்தோழி ஒருத்தி வேப் பழக்கிவிட்டாள். பேனா அளவுக் கருவி. அதற்குள் இருக்கும் நிக்கோட்டின் திரவம் சூடாகி ஆவியாக வரும், அதை இழுக்க வேண்டும். சிகரெட் நாற்றம் கிடையாது, மாம்பழ வாசனைதான் வரும். விற்பதே சட்டப்படி குற்றம் என்றாலும், கேட்கிற இடத்தில் கேட்டால் கூரியரில் வந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகும் மொட்டை மாடியில், பாத்ரூமில், கம்ப்யூட்டர் முன்னால் என்று அது என்னோடேயே இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் யாரும் இப்படி இழுப்பதில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதனாலேயே எழுதுகிறேன். நான் இழுத்தேன். விட்டும்விட்டேன். விட்டதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உசத்தியாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படியில் உட்கார்ந்திருந்த என்னை முதலில் பார்த்தது என் மாமியார் அஞ்சலை. வாய் நிறைய வெற்றிலை. துப்பிவிட்டு ஓடி வந்தார்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு? வழுக்கிட்டியா?"

"மூச்சு வர்ல அத்த."

அத்தை வயலுக்குப் போன் போட்டார். என் கணவர் சரவணன் சேற்றுக் காலோடு வந்தார். ஊரில் இருந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கம் வைத்தார், இடது பக்கம் வைத்தார், மறுபடி வலது பக்கம் வைத்தார். "இந்தப் பக்கம் சத்தமே கேக்கல. ஒடனே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு போங்க" என்றார். காரில் போகும் வழியெல்லாம் அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காகத் தடவியது அது. தடவினால் இன்னும் வலித்தது. நான் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் டாக்டர் இளைஞர், அவசரமில்லாமல் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடது பக்கத்தில் செடியின் வேர் பரவியதுபோல மெல்லிய கோடுகள் ஓரம்வரை தெரிந்தன. வலது பக்கம் பாதிவரைதான் கோடுகள். அதற்கப்புறம் வெறும் கறுப்பு.

"நுரையீரல் மேல இருந்த சின்னக் கொப்புளம் ஒண்ணு ஒடைஞ்சிருக்கு. அது வழியா காத்து வெளிய வந்து, நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல தங்கிடுச்சு. அது அமுக்குறதால நுரையீரல் விரிய முடியல. பாதி சுருங்கிப்போச்சு. விலாவுல ஒரு குழாய் போட்டு அந்தக் காத்தை வெளிய எடுக்கணும்."

நியூமோதோராக்ஸ். அந்தச் சொல்லை நான் வேலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்த வேகத்தில் அதற்கான எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கிறேன். அதற்குள் ஒரு ஆள் மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"சிகரெட், பீடி ஏதாவது பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அந்தப் பதற்றத்திலும் சரவணன் சிரித்துவிட்டார். "எனக்கே கெடையாது டாக்டர். அவளுக்கு எப்படி?" நான் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். சிகரெட் இல்லை, பீடி இல்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, குழாயைச் செருகினார்கள். வலியைவிட அந்த அழுத்தம்தான் பயமாக இருந்தது. உடம்புக்குள் யாரோ கதவை முட்டித் திறப்பதுபோல. குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கியிருந்தது. நான் மூச்சுவிட்டால், இருமினால், அந்தத் தண்ணீரில் குமிழி வந்தது. "குமிழி வர்றவரைக்கும் உள்ள ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அது நிக்கணும். நின்னு, எக்ஸ்ரேவும் நல்லா இருந்தா குழாயை எடுத்துடலாம்" என்றார் ரோசி சிஸ்டர். எலவனாசூர்கோட்டைக்காரர், வார்டு நர்ஸ். பாட்டிலைக் கவிழ்க்காமல் கையில் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

வலிக்கு மருந்து இருந்தது. இன்னொன்று மறுநாள் காலையில் ஆரம்பித்தது. அதற்கு அங்கே யாரும் மருந்து கொடுக்கவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் கை நடுங்கியது. உள்ளங்கை வியர்த்தது. வார்டில் யார் பேசினாலும் எரிச்சல். ஃபேன் சத்தம் எரிச்சல். தொண்டையிலும் நெஞ்சிலும் ஒரு அரிப்பு, சொறிய முடியாத இடத்தில். மனசு ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. கைப்பை வீட்டில் இருக்கிறது, யாரைக் கேட்டால் கொண்டுவருவார்கள், என்ன பொய் சொல்லிக் கேட்பது. நெஞ்சில் ஓட்டையோடு, அதில் குழாயோடு, எந்த ஆவியால் அந்த ஓட்டை விழுந்திருக்குமோ அதே ஆவியைக் கேட்டது மனசு. நிக்கோட்டின் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அத்தை இட்லி பிட்டு வாய்க்கு நேரே நீட்டினார். "ஒரு வாய் சாப்புடு வாணி."

"எட்டப் போங்க அத்த! சும்மா நச்சு நச்சுன்னு!"

தட்டைத் தள்ளிவிட்டேன். சட்னி அவர் புடவையில் விழுந்தது. பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை புடவையைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

அந்த நேரத்தில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சரியா தூங்கலையா?" என்று மட்டும் கேட்டார். சரவணனும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தனியாகப் பேசலாம் என்றால், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சொல்லிவிட்டேன். வேப் இழுப்பேன். பல வருஷமாக. தினமும். எழுந்ததும், படுக்கும் முன்னும், நடுவிலும்.

டாக்டர் கோபப்படவில்லை. "இதனாலதான் இந்தக் கொப்புளம் ஒடஞ்சிதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பழக்கமே இல்லாதவங்களுக்கும் ஒடையுது. ஆனா இதைத் தொடர்ந்தீங்கன்னா மறுபடி ஒடைய வாய்ப்பு ஜாஸ்தி. இப்ப உங்களுக்கு வர்ற நடுக்கம், கோவம் எல்லாம் நிக்கோட்டின் கேக்குற சத்தம். ஒவ்வொரு தடவையும் அலை மாதிரி ஏறும். கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். நீங்க ஜெயிக்க வேண்டியது அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும்தான்."

சரவணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அத்தை கட்டிலருகே வந்து கேட்டார். "அந்த ரோஸ் கலர்ல, குட்டியா, சார்ஜ் போட்டு வெப்பியே, அதுவா?"

"ஆமா அத்த."

"நான் லிப்ஸ்டிக்குன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

நான் சிரித்தேன். சிரித்தபோது விலா பிய்ந்துபோவதுபோல வலித்தது. பாட்டிலில் குமிழி குபுகுபுவென்று வந்தது. டாக்டரும் சிரித்தார்.

ஆசையை அடக்க டாக்டர் நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். பழக்கத்தைச் சட்டென்று அறுக்காமல் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவதற்கான மருந்து அது. சாதாரண சூயிங்கம் மாதிரி சவைத்துத் தள்ளக் கூடாது. "மெதுவா ரெண்டு கடி கடிங்க. காரமா சுருக்குன்னு வரும். ஒடனே நிறுத்திட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெச்சுக்கங்க. காரம் போனதும் மறுபடி கடிங்க."

அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். "இது நான் பண்றதுதானே டாக்டர்? நானும் பொகையிலைய இங்கதான் ஒதுக்கி வெப்பேன்." சொல்லிக்கொண்டே விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். "அம்மா, வாயை நல்லாத் தொறங்க." வெகுநேரம் பார்த்தார். எனக்கும் காட்டினார். கன்னத்தின் உள்பக்கம், புகையிலை உட்காரும் இடத்தில், பாலாடை ஒட்டியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. "வழிச்சா வருதா?" என்று கேட்டார். வரவில்லை.

"எத்தினி நாளா இருக்குதோ, தெரியலயே" என்றார் அத்தை. முதன்முறையாக அவர் குரல் சின்னதாகிவிட்டது.

அந்தத் திட்டிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயா இல்லையா என்று பார்க்கத்தான் அது. இப்போது நோயாளிகள் இரண்டு பேராகிவிட்டோம். எனக்குத் துணையாக வந்தவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தைத்த கன்னத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

மதியவேளைதான் எங்கள் இருவருக்கும் கஷ்டம். சாப்பாடு முடிந்ததும் அவருக்கு வெற்றிலை ஞாபகம் வரும், எனக்கு மாம்பழ ஞாபகம் வரும். வார்டே கண்ணயர்ந்து கிடக்கும். நாங்கள் இரண்டு பேரும் முழித்துக்கொண்டு கிடப்போம்.

"உனுக்கு வருதா?" என்பார்.

"வருது அத்த."

"எனுக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவர் ஏதாவது சொல்லத் தொடங்குவார். கோமுகி அணையில் தண்ணீர் திறந்த வருஷம், மாடு கரும்புக்குள் புகுந்த கதை, என்னவாவது. கதை முடிவதற்குள் அலை இறங்கியிருக்கும்.

வெளியே போன சரவணன், நான் உண்மையைச் சொன்ன அன்று சாயங்காலமே ஒரு பையோடு திரும்பி வந்திருந்தார். இஞ்சி மிட்டாய், வறுத்த சோம்பு, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒரு கட்டு. "போன்ல படிச்சேன். கை சும்மா இருந்தா தேடுமாம். ஸ்ட்ராவ வாயில வெச்சி வெறும் காத்தை இழுக்கலாமாம்" என்றார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் மிட்டாயை உறை பிரித்துக் கையில் கொடுத்தார். பில்லைப் பற்றி நான் கேட்டபோது, "கம்பெனி இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும், நீ மூச்சை மட்டும் பாரு" என்றார். சோம்பை அத்தை எடுத்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கேள்வியுமாக வந்தார்கள். சின்ன வயசிலேயே நுரையீரல் எப்படிச் சுருங்கும்? அத்தை என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார். "பாரம் தூக்கிட்டா. ஈரத்துணி, ஒரு கூடை. அதான்." அவர்கள் போனதும், "நமக்குள்ள இருக்கட்டும். ஊரு வாயில போட்டு மெல்லும்" என்றார். எனக்கு நன்றியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

ஒருநாள் காலையில் நான் இருமினேன். பாட்டிலில் குமிழி வரவில்லை. மறுபடி இருமினேன். தண்ணீர் அசையவில்லை. ரோசி சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "மூடிக்கிச்சு போலருக்கே!" என்றார். எக்ஸ்ரேயில் வேர் போன்ற கோடுகள் இரண்டு பக்கமும் ஓரம்வரை வந்திருந்தன. குழாயை எடுத்தார்கள். அதே வாரத்தில் அத்தையின் முடிவும் வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. "புற்றுநோய்ப் பக்கமா திரும்பி நிக்குது. புகையிலைய விட்டா திரும்பிப் போகவும் கூடும். விடலைன்னா நான் பொறுப்பில்ல. விட்டாலும் தவறாம வந்து காட்டணும்" என்றார் டாக்டர். அத்தை தலையாட்டினார். அவருக்குச் சூயிங்கம் வேண்டாம், சோம்பே போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சண்டை. ஆஸ்பத்திரியில் ஆசை வந்தால் போக இடமில்லை. கைப்பையில் இருந்த வேப்பை சரவணன் முன்பே எடுத்துப் போட்டிருந்தார், ஆனாலும் வீட்டில் ஒவ்வொரு மூலையும் கூப்பிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்தால் கை தானாக வலது பக்கம் போய்த் துழாவும். டீ குடித்தால் உடனே வேண்டும். டீயை நிறுத்திவிட்டு மோருக்கு மாறினேன். மாடி அறையில் இருந்த மேசையைக் கூடத்துக்கு இறக்கச் சொன்னேன், நாலு பேர் நடக்கிற இடத்துக்கு. அலை ஏறினால் தண்ணீர் குடிப்பது, ஸ்ட்ராவில் காற்றை இழுப்பது, கால்வாய் ஓரம் நடந்துவிட்டு வருவது. கைக்கு வேலை வேண்டுமே என்று அத்தை மூட்டைப் புளியைக் கொண்டுவந்து கொட்டினார். கொட்டை எடுத்தோம், எடுத்தோம், எடுத்துக்கொண்டே இருந்தோம். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் புளியைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம்.

இரண்டு பேரும் சிடுசிடுத்தோம். உப்புக்குச் சண்டை, டிவி சத்தத்துக்குச் சண்டை. ஒருநாள் சரவணன் தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கே போய்விட்டார். "ரெண்டு பேருகிட்டயும் மாட்டிக்கினு நான்தான் சாவறேன். இங்க மாடாவது கம்மியா கத்துது."

ஒரு மதியம் லேப்டாப் பையின் உள்துணிக்குள் கை போனது. கிழிசல் வழியாக நழுவி உள்ளே கிடந்தது, ஒரு பழைய வேப். எடுத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. இன்னும் சார்ஜ் இருந்தது, இன்னும் திரவம் இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு இழுப்பு, யாருக்குத் தெரியப்போகிறது. வாயில் எச்சில் ஊறியது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் குழாய் போட்ட தழும்பு விண்விண் என்றது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் என்னைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனது. அத்தை அம்மிக்குப் பக்கத்தில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அத்த, இதை வாங்கிக்கங்க. என் கண்ணுல காட்டாதீங்க."

அவர் வாங்கி மோந்து பார்த்தார். "அட, நெசமாவே மாம்பழமாட்டம் இருக்குதே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இழுத்தியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல அத்த."

எழுந்து உள்ளே போனார். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். புகையிலை. "அவசரத்துக்கு இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். நடுவுல ஒரு தபா தொட்டுட்டேன். நீயே வந்து குடுத்தப்புறம் நான் எப்படி இதை வெச்சிக்கினு இருப்பேன்?" பொட்டலத்தைப் பிரித்து, எருக்குழியில் கொட்டி, மண்வெட்டியால் சாணத்தைத் தள்ளி மூடினார். வேப்பை சரவணன் கள்ளக்குறிச்சியில் பழைய பேட்டரி வாங்குகிறவரிடம் போட்டுவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி நான் கண்ணாடி முன் நின்று என்னையே பார்த்துக்கொண்டேன். பரீட்சையில் தேறியபோதும் வேலை கிடைத்தபோதும் வராத ஒரு பெருமை வந்தது. அலைகள் அதற்குப் பிறகும் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குட்டை. சூயிங்கமும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் டாக்டரிடம் போனோம். என் நுரையீரல் நன்றாக இருந்தது. அத்தையின் கன்னத் திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. மலை ஏறலாமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் மூச்சு வாங்கினால் உட்காருங்கள் என்றார். அந்த வாரமே சென்னையிலிருந்து என் பழைய ஹாஸ்டல் தோழிகள் கல்வராயன் மலை பார்க்க வந்தார்கள். மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு எல்லோரும் ஒரே வேனில் கிளம்பினோம். அத்தையும் வந்தார்.

வளைவுகளில் ஏறி, கரியாலூரில் இறங்கியதும் குளிர்காற்று. என் பழைய அறைத்தோழி கைப்பையிலிருந்து வேப்பை எடுத்தாள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பழைய பழக்கத்தில், யோசிக்காமல் என்னிடம் நீட்டினாள். அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"வேணாம்டி. விட்டுட்டேன்."

"சும்மா ஒண்ணு."

"இல்ல, வேணாம்."

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு பையில் வைத்துக்கொண்டாள். நான் திரும்பி, ரோட்டோரப் பெட்டிக்கடை பக்கம் நடந்தேன். அங்கே அத்தை நின்றிருந்தார். கடையின் முன்னால் பாக்குப் பொட்டலங்களும் புகையிலையும் சரம் சரமாகத் தொங்கின. அவர் கண்ணும் அங்கேதான் இருந்தது. கடைக்காரர் அவர் பல்லின் கறையைப் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாங்கம்மா, பொகையில குடுக்கவா?"

அத்தை என்னைப் பார்த்தார். கடையில் டீ குடித்துக்கொண்டு நாலைந்து ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார்.

"வேணாம்பா. நாங்க வுட்டுட்டோம்" என்றார்.

"நாங்கன்னா?"

"நானும் என் மருமவளும். நான் பொகையில, அவ அந்தக் கரண்டு சிகரெட்டு. நெஞ்சுல கொழாய் போட்டுக்கினு படுத்துக் கெடந்தா. ரெண்டு பேரும் சேந்து வுட்டோம்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளையா? சிகரெட்டா?"

"ஆமா, பொம்பளதான்" என்றார் அத்தை, குரலைக் குறைக்காமல். "வுட்டதும் பொம்பளதான். உன் கடைக்கு வர்ற ஆம்பளைங்கள்ல எவனாவது வுட்டிருக்கானா, சொல்லு பாப்போம்."

டீ குடித்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை மடியிலிருந்து சோம்பை எடுத்து எனக்குக் கொஞ்சம் கொடுத்து, தானும் வாயில் போட்டுக்கொண்டார். தோழிகள் அருவிக்குக் கூப்பிட்டார்கள். அருவிவரை நடந்தோம், மூச்சு வாங்கி நான் ஒரு இடத்திலும் உட்காரவே இல்லை.